மேகம் அள்ளுகிறவனின் பக்கம் நின்று

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவருக்கு ஃப்ரெட் வர்காஸின் நாவல் ஒன்றைப் படிக்கக் கொடுத்தேன். துப்பறியும் நாவல்களில் நாற்பது வருடப் பழக்கம் உள்ளவர். எந்தக் கிறிஸ்டி நாவலில் எந்த விஷம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இரண்டே இரவில் படித்து முடித்துத் திருப்பித் தந்தார். தரும்போது சொன்னார்: “இது ஏமாற்று வேலை சார். கடைசியில் அந்த ஆள் எப்படிக் கண்டுபிடித்தான்? தோன்றியது, கண்டுபிடித்தான். இதற்கு நம் தேவனின் சாம்பு போதாதா? பாரிஸ் வரைக்கும் எதற்குப் போக வேண்டும்?”

ஏமாற்று வேலையை ஏன் இரண்டு இரவு கண்விழித்துப் படித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதே நாவலைப் படித்த இன்னொருவர், இளம் வாசகி, இதற்கு நேர்மாறாக உருகினார். ஜெராக்ஸ் மெஷின் மேல் தூங்கும் பூனை, செய்யுளில் பேசும் போலீஸ்காரர், ஓடாத கைக்கடிகாரம்! எவ்வளவு இனிமையான கிறுக்குகள், மழைக்காலத்தில் படிக்க ஏற்றவை என்றார். உண்மையைச் சொன்னால் முதலாமவரின் வசையைவிட இந்தப் பாராட்டுதான் என்னை அதிகம் உறுத்தியது. இருவருமே வர்காஸின் நாவல்களில் உள்ள முக்கியமான ஒன்றைக் காணாமலேயே தாண்டிப் போகிறார்கள் என்பது என் கட்சி.

சாம்புவை முதலில் முடித்துவிடுகிறேன். சாம்பு ஜெயிப்பது அதிர்ஷ்டத்தால். என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது, தெரியாது என்பது நமக்குத் தெரியும், அங்கேதான் சிரிப்பு. வர்காஸின் அடாம்ஸ்பெர்க்குக்கு அதிர்ஷ்டம் என்று ஒன்றும் கிடையாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் என்ன தெரியும் என்பது தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு நிலைகள். முதலாவது நகைச்சுவைக்கு உரியது. இரண்டாவது, நாம் எல்லோரும் அன்றாடம் அனுபவிப்பதும் நாவல்கள் அபூர்வமாகவே எழுத முயல்வதுமான ஒன்று.

வர்காஸை அறியாதவர்களுக்குச் சில வரிகள். ஃப்ரெடெரிக் ஓதுவான்-ரூஸோ என்பது இயற்பெயர். 1957இல் பாரிஸில் பிறந்தவர். ‘ஃப்ரெட்’ என்ற ஆண்பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பெண். ‘வர்காஸ்’ 1954இல் வந்த ஹாலிவுட் படமொன்றில் ஆவா கார்ட்னர் ஏற்ற பாத்திரத்தின் பெயர். ஓவியரான இரட்டைச் சகோதரியும் அதையே வைத்துக்கொண்டார். தொழிலால் அகழாய்வாளர், அதிலும் விலங்கெலும்புகளில் நிபுணர். இடைக்கால ஐரோப்பாவின் குப்பைக்குழிகளில் கிடைக்கும் ஆட்டெலும்பு, எலியெலும்பைக் கொண்டு அந்த ஊர் என்ன தின்றது, எதனால் செத்தது என்று சொல்கிற தொழில். கொள்ளைநோயைப் பரப்பிய எலியையும் தெள்ளுப்பூச்சியையும் பற்றி 2003இல் ஓர் ஆய்வு நூலே வெளியிட்டிருக்கிறார். நாவல்களை ஆரம்பத்தில் விடுமுறை நாட்களில்தான் எழுதினார். தன் நாவல்களுக்கு அவர் வைத்த பெயர் ‘ரோம்போல்’. ‘ரோமான் போலீஸியே’ என்பதன் செல்லச் சுருக்கம்.

ஜான்-பாப்தீஸ்த் அடாம்ஸ்பெர்க் முதலில் தோன்றியது 1991இல், நீலச் சுண்ணக்கட்டி வட்டங்களைப் பற்றிய நாவலில். (ஆங்கிலத்தில் அது 2009இல்தான் வந்தது, அதற்குள் பிந்தைய நாவல்கள் வந்துவிட்டதால் ஆங்கிலம் வழியே படிப்பவர்களுக்கு வரிசை தலைகீழாகிவிட்டது.) பதவி கமிஷனர் என்றாலும் நம் ஊர்க் கமிஷனரைப் போல நகரத்தையே ஆள்பவர் அல்ல, பாரிஸில் ஒரு காவல் பிரிவின் தலைவர். பிரனீஸ் மலையில் பிறந்தவர். குள்ளம், கறுத்த நிறம், ஒன்றோடொன்று பொருந்தாத முகக் கூறுகள். நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்க வராது. நடப்பார். முழங்காலில் காகிதத்தை வைத்துப் படம் கிறுக்குவார். கையில் இரண்டு கடிகாரங்கள், இரண்டுமே சரியான நேரம் காட்டாதவை. பெயர்கள் நினைவில் நிற்காது. விசாரணையின் நடுவில் தவளையைப் பற்றியோ ஆற்றைப் பற்றியோ பேசுவார். அவருக்குத் துணை தாங்லார். துவண்ட உடல், அளவு மீறிய வெள்ளை ஒயின், மனைவி விட்டுச்சென்ற ஐந்து குழந்தைகள், கலைக்களஞ்சியம் போன்ற நினைவு. தாங்லாருக்குத் தெரியாதது எதுவுமில்லை. ஆனால் அவரால் கண்டுபிடிக்க முடியாது. அடாம்ஸ்பெர்க்குக்கு எதுவும் தெரியாது, அவர்தான் கண்டுபிடிப்பார். இதுதான் என் நண்பரை எரிச்சலூட்டியது.

அந்த எரிச்சலுக்கு நீண்ட வம்சாவளி உண்டு. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். ஆறாவது கட்டளை: தற்செயல் துப்பறிபவனுக்கு உதவக்கூடாது; காரணம் காட்ட முடியாத உள்ளுணர்வு ஒன்று அவனுக்குத் தோன்றி அது சரியாகவும் போய்விடக்கூடாது. அடுத்த ஆண்டு லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பில் சேருகிறவர்கள் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். தெய்வ வாக்கு, மந்திர தந்திரம், தற்செயல் ஆகியவற்றைக் கைக்கொள்ள மாட்டேன் என்ற அந்தப் பட்டியலில் ‘பெண்களின் உள்ளுணர்வு’ என்பதும் உண்டு. கிறிஸ்டியும் டோரதி சேயர்ஸும் அதில் உறுப்பினர்கள். பாதி விளையாட்டாகச் செய்தது என்பது தெரியும். ஆனால் விளையாட்டு விதிகளில்தான் ஒரு காலத்தின் நம்பிக்கைகள் வெட்கமின்றி வெளிப்படுகின்றன. உள்ளுணர்வு என்றால் பெண்மை, பெண்மை என்றால் மந்திர தந்திரத்துக்கு அடுத்த இருக்கை! அறுபது வருடம் கழித்து ஒரு பெண், அதுவும் ஆய்வுக்கூடத்தில் எலும்புகளை அளந்து பிழைக்கிற பெண், அந்த உள்ளுணர்வை எடுத்து ஓர் ஆண் போலீஸ்காரனுக்குச் சூட்டினார். நாக்ஸின் நாட்டிலேயே குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் மொழிபெயர்ப்பு நாவலுக்கெனத் தனிப் பரிசை 2006இல் தொடங்கியபோது முதல் பரிசு வர்காஸுக்குத்தான். பிறகு 2007, 2009, 2013 என்று மேலும் மூன்று முறை.

இந்த ஆறாவது விதி துப்பறியும் கதையின் பிறவிக்குணமும் அல்ல. எட்கர் ஆலன் போவின் துப்பேன் அமெரிக்கக் கற்பனையில் பிறந்த பாரிஸ்காரர். இவ்வகைக் கதையின் ஆதித் தகப்பன். திருடப்பட்ட கடிதத்தைப் பற்றிய கதையில் துப்பேன் ஒரு பள்ளிச் சிறுவனைச் சொல்கிறார். ஒற்றையா இரட்டையா விளையாட்டில் எல்லோரையும் ஜெயிப்பவன். எதிராளியின் முகபாவத்தைத் தன் முகத்தில் வரவழைத்துக்கொண்டு, அப்போது தன் மனத்தில் என்ன தோன்றுகிறதோ அதை வைத்து ஆடுவான். கணக்கும் கவிதையும் சேர்ந்த மனம்தான் துப்பறிய வல்லது என்பது போவின் கட்சி. பிரெஞ்சுக்காரர்களில் காஸ்தோன் லெரூவின் ரூல்தபீ தர்க்கத்தின் வாரிசு, அவரை விட்டுவிடலாம். சிமெனோனின் மேக்ரே முழுக்க மறுபக்கம். எழுபத்தைந்து நாவல்களில் அவர் செய்வது ஓர் இடத்தில் போய்ப் பஞ்சு போல ஊறிக்கிடப்பது. என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால், தான் நினைப்பதே இல்லை என்பார். மதுக்கடையின் வாடை, வாடகை வீட்டுக்காரியின் குரல், மழை. ஊறி முடித்ததும் கொலைகாரனாக அவரே ஆகிவிட்டிருப்பார். மேக்ரேயை ‘மனிதாபிமானம்’ என்று ஏற்றுக்கொண்ட என் நண்பர் அடாம்ஸ்பெர்க்கை ‘ஏமாற்று’ என்கிறார். மேக்ரே புகைக்குழாய் வைத்திருக்கிறார், கனமாக நடக்கிறார், மனைவி சமைத்ததைச் சாப்பிடுகிறார் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

நான் நண்பருக்குக் கொடுத்தது 2001இல் வந்த நாவல். பிரெஞ்சுத் தலைப்பின் பொருள் ‘விரைந்து போ, தாமதித்துத் திரும்பு’. கொள்ளைநோய்க் காலத்தில் லத்தீனில் வழங்கிய பழைய அறிவுரை: சீக்கிரம் ஓடு, தூரமாக ஓடு, நிதானமாகத் திரும்பி வா. டேவிட் பெல்லோஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘ஹேவ் மெர்சி ஆன் அஸ் ஆல்’ என்று தலைப்பு மாறியது. கதை ஒரு தண்டோராக்காரரிடம் தொடங்குகிறது. ஜோஸ் லெ கெர்ன் கப்பலை இழந்த பிரெத்தான் மாலுமி. பாரிஸில் மோன்பர்னாஸ் பக்கம் ஒரு முச்சந்தியில் பெட்டி ஒன்றை வைக்கிறார். யார் வேண்டுமானாலும் காசோடு ஒரு சீட்டைப் போடலாம். நாளுக்கு மூன்று முறை மேடைமேல் நின்று உரத்த குரலில் படிப்பார். பழைய ரேடியோ விற்பனைக்கு, காதல் தூது, பக்கத்து வீட்டான் மேல் வசை, இடையே கடல் வானிலை அறிக்கை. கடலே இல்லாத பாரிஸில் நின்று ஒரு கூட்டம் அட்லாண்டிக்கின் காற்றுவேகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மொபைல் போன் பரவிவிட்ட காலத்தில் இப்படி ஒரு தொழில்! கிறுக்குத்தனம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் கட்டணத்துக்கு மேல் காசு வைத்த தடித்த உறைகள் விழத் தொடங்குகின்றன. உள்ளே பழைய நடையில் புரியாத வாசகங்கள். கூட்டத்தில் நிற்கும் ஒரு படித்த முதியவர்தான் அவை கொள்ளைநோய் பற்றிய பழஞ்சுவடிகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்று உணர்கிறார். மறுபுறம், தன் குடியிருப்பின் கதவுகளில் யாரோ தலைகீழான 4 போன்ற குறியைக் கறுப்பில் வரைந்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் போலீஸிடம் வருகிறாள். ஒரு கதவில் மட்டும் இல்லை. இது குற்றமே அல்ல, பெயின்ட் அடிப்பது. வேறு எந்தக் காவல் நிலையத்திலும் அவளை அனுப்பிவிட்டிருப்பார்கள். அடாம்ஸ்பெர்க் அந்த 4ஐத் தன் காகிதத்தில் திரும்பத் திரும்ப வரைகிறார்.

அந்தக் கறுப்புக் குறி ஏன் அவரை விடவில்லை? காரணம் சொல்ல முடியாது. பிறகு பிணங்கள் விழும்போது காரணம் தேவைப்படாது. நடுவில் ஒரு நாள் அந்த முச்சந்தியில் கூட்டத்தோடு நிற்கும்போது ஏதோ ஒன்றைப் பார்த்ததாகவும், பார்த்த கணமே அது நழுவிவிட்டதாகவும் அவருக்குத் தோன்றுகிறது. பக்கம் பக்கமாக அதைத் தேடி நடக்கிறார். என்ன என்று சொல்லி இனிமேல் படிக்கப்போகிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள மாட்டேன். ஆனால் நண்பர் சொல்வதுபோல அது ‘தோன்றியது’ அல்ல, கண்ட ஒன்று. கண்ணில் பட்டு, பெயர் பெறாமல், அடியில் போய்த் தங்கியது. அந்த முச்சந்திக் காட்சி நமக்கும் தரப்பட்டிருக்கிறது. நாமும் அங்கே நின்றோம். ஹோம்ஸ் ஒரு மனிதரின் சட்டைக் கையைப் பார்த்த மாத்திரத்தில் அதை வாக்கியமாக்கிவிடுவார். நம்மில் யாருக்கு அப்படி நடந்திருக்கிறது? பார்த்ததை வாக்கியமாக்க நமக்கு மூன்று நாள் ஆகும், மூன்று வருடம் ஆகும், சிலசமயம் எதிராளி செத்த பிறகு ஆகும். அந்த இடைவெளியைத்தான் வர்காஸ் எழுதுகிறார். 2017இல் வந்த சிலந்தி நாவலில் இதற்கு அவர் ஒரு படிமம் வைத்திருக்கிறார்: மூளைக்குள் சேற்றிலிருந்து எழும் வாயுக்குமிழிகள். எண்ணம் ஆவதற்கு முந்தைய எண்ணங்கள். அடாம்ஸ்பெர்க் சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு குமிழி மேலே வரும்வரை காத்திருக்கிறார்.

இது மாயாவாதம் என்றால் அகழாய்வும் மாயாவாதம்தான். மண் அடுக்கடுக்காகப் படிகிறது. மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கிறது, காக்கவும் செய்கிறது. தோண்டுகிறவன் அவசரப்பட்டால் அடுக்குகள் கலந்து எல்லாம் பொருளிழந்துவிடும். வர்காஸின் மூன்று வேலையற்ற வரலாற்றாசிரியர்கள் பாழடைந்த வீடொன்றில் சேர்ந்து வாழும் 1995ஆம் வருட நாவலில் அறைகளைக் கால வரிசையில் பிரித்துக்கொள்கிறார்கள். முதல் மாடியில் ஆதிமனிதனை ஆராய்பவர், அடுத்து இடைக்காலம், அதற்கு மேல் முதல் உலகப்போர், உச்சியில் சமகாலத்தின் சீரழிவுக்கு உரிய வயதான போலீஸ்காரர். வேடிக்கைதான். ஆனால் எலும்போடு பழகியவர் மனித மனத்தை எப்படிக் கற்பனை செய்வார் என்பதன் வரைபடமும் அதுவே.

இனி இளம் வாசகியின் ‘இனிமையான கிறுக்குகள்’. அடாம்ஸ்பெர்க்கின் பிரிவில் மெர்க்காதே என்பவர் வேலைக்கு நடுவே தூங்கிவிடுவார், அது நோய். சகாக்கள் மேலிடத்துக்குத் தெரியாமல் அவருக்கு மெத்தை போட்டு வைத்திருக்கிறார்கள். ஃப்ருவாஸி பசிக்குப் பயந்து அலமாரியில் உணவைப் பதுக்குகிறார். பூனையை யாராவது தூக்கிக்கொண்டு போய்க் கிண்ணத்தின் முன் விட்டுக் கூட நின்றால்தான் அது சாப்பிடும். பன்னிரண்டு அசைச் செய்யுளில் பேசும் வெய்ராங்கின் கரிய தலையில் செம்பட்டைக் கீற்றுகள் உண்டு. சிறுவயதில் மற்ற சிறுவர்கள் கத்தியால் கீறிய இடங்களில் மட்டும் முடி அந்த நிறத்தில் வளர்ந்தது. செய்யுளை அவருக்குப் பழக்கியது ரசீனின் நாடகங்களை ஓதிக்கொண்டே இருந்த பாட்டி. இங்கே எந்தக் கிறுக்கும் அலங்காரமாக ஒட்டப்பட்டதல்ல. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காயமோ பயமோ இருக்கிறது. அந்தக் காயத்தை ஆற்றாமல், கேலி செய்யாமல், அதற்கு இடம் விட்டு ஒரு அரசு அலுவலகம் இயங்குகிறது. தூங்குகிறவன் தூங்கட்டும், விழித்ததும் கணினியில் அவனைவிட வல்லவர் இல்லை என்கிற அலுவலகம். நாம் வாழ்நாளில் பார்த்த அலுவலகங்களை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் இதில் எவ்வளவு ஏக்கமும் கோபமும் இருக்கின்றன என்பது புரியும். காணாமல் போன சக அதிகாரியைத் தேடிப் பூனை முன்னால் போக, பின்னால் மொத்தப் பிரிவும், மேலே ஹெலிகாப்டரும் போகிற ஒரு காட்சி உண்டு. சிரித்துக்கொண்டே படித்தேன், கடைசியில் சிரிக்க முடியவில்லை.

அதே நாவலில் வருகிற பக்கத்து வீட்டு லூசியோவை எனக்கு மறக்க முடிவதில்லை. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் ஒன்பது வயதில் கையை இழந்தவர். அந்தக் கையில் ஒரு சிலந்தி கடித்திருந்தது. சொறிந்து முடிப்பதற்குள் கை போய்விட்டது. இத்தனை வருடம் கழித்தும் இல்லாத கையில் அந்த இடம் அரிக்கிறது. வர்காஸின் குற்றவாளிகள், போலீஸ்காரர்கள், சாட்சிகள் எல்லோருக்கும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. மழைக்காலத்துக்கு ஏற்ற இனிமை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை எளிய பகுதி. நண்பரிடம் இதைவிடக் கனமான வாதம் ஒன்று இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். நிஜப் போலீஸ்காரனின் உள்ளுணர்வு என்பது பெரும்பாலும் அவனுடைய முன்முடிவு. அவனுக்குச் ‘சட்டென்று தோன்றுகிற’ முகம் ஏழையின் முகமாக, வேற்று நிறத்தவனின் முகமாக இருக்கிறது. பிரான்சின் சட்டத்திலேயே இந்த ஆபத்து எழுதப்பட்டிருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 353ஆம் பிரிவு, ஜூரிகளிடம் கேட்பது ஒரே கேள்விதான்: உங்கள் உள்ளத்தில் உறுதி ஏற்பட்டிருக்கிறதா? அந்த உறுதி எப்படி வந்தது என்று அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீர்ப்புக்குக் காரணங்களை எழுத வேண்டும் என்ற கட்டாயம் 2011இல்தான் வந்தது. ஊத்ரோ வழக்கைப் பற்றிப் பலரும் படித்திருப்பீர்கள். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டில் 17 பேர் 2004இல் நீதிமன்றம் ஏறினார்கள். 2005இன் மேல்முறையீடு முடிந்தபோது அவர்களில் 13 பேர் குற்றமற்றவர்கள் என்றாகியது. அதற்குள் அவர்களில் பலர் சிறையில் வருடங்களைக் கழித்திருந்தார்கள். கைதாகியிருந்த இன்னொருவர் விசாரணைக்கு முன்பே சிறையில் இறந்துபோனார். எத்தனையோ பேரின் உள்ளத்தில் உறுதி ஏற்பட்டதன் விலை அது. இப்படிப்பட்ட நாட்டில் உள்ளுணர்வால் துப்பறியும் ஒருவனைக் கதாநாயகனாக்குவது பொறுப்பற்ற செயல் இல்லையா?

வர்காஸ் இதை யோசிக்காதவர் அல்ல என்பதற்கு 2004இல் வந்த நெப்டியூன் நாவல் சாட்சி. இளமையில் தன் தம்பி மீது விழுந்த கொலைப்பழிக்குப் பின்னால் ஊரின் செல்வாக்கு மிக்க நீதிபதி ஒருவர் இருக்கிறார் என்று அடாம்ஸ்பெர்க் நம்புகிறார். சூலாயுதத்தின் மூன்று துளைகள் கொண்ட கொலைகளை நாடெங்கும் வருடக்கணக்கில் தேடித் தொகுக்கிறார். நீதிபதி செத்து வருடங்கள் ஆன பிறகும் விடுவதில்லை. தாங்லார் உட்பட எல்லோருக்கும் இது பைத்தியம். பிறகு மரபணு ஆய்வுப் பயிற்சிக்காகக் கனடாவின் கியூபெக்குக்குப் போன இடத்தில், ஓர் இரவின் சில மணி நேரம் அவர் நினைவில் இல்லாமல் போகிறது. அதே இரவில் ஒரு பெண் மூன்று துளைகளோடு செத்துக் கிடக்கிறாள். சான்றுகள் எல்லாம் அடாம்ஸ்பெர்க்கைக் காட்டுகின்றன. நான்தான் செய்தேனோ என்று அவரே நடுங்குகிறார். உள்ளுணர்வின் நாயகன், தன்னைப் பற்றிய ஒரே ஒரு கேள்விக்கு உள்ளே இருந்து பதில் வராமல் நிற்கிற இடம் அது. அவரைத் தப்பவைப்பது எந்தக் குமிழியும் அல்ல. ரத்தாங்கூர் என்ற பிரம்மாண்டமான பெண் அதிகாரி தன் முதுகோடு அவரை ஒட்டிவைத்து, மேலங்கியால் மூடி, சோதனை போட வந்த போலீஸின் முன்னால் சாதாரணமாக நிற்கிறார். (கியூபெக் மக்களின் பேச்சை வர்காஸ் எழுதியிருக்கும் விதம் அங்குள்ளவர்களைக் கோபப்படுத்தியது, நியாயமான கோபம்தான். ஆனால் ‘மேகத்தை மண்வெட்டியால் அள்ளுகிறவன்’ என்ற அற்புதமான வசையை அங்கிருந்துதான் அவர் எடுத்துவந்தார். பின்வரும் நாவல்களில் அந்தப் பிரிவே மேகம் அள்ளுகிறவர்கள், சான்றுக்காரர்கள் என்று இரண்டாகப் பிளக்கிறது.)

அடாம்ஸ்பெர்க்கின் உள்ளுணர்வுக்கும் ஜூரியின் ‘உள்ளத்து உறுதி’க்கும் இடையே உள்ள தூரம் இதுதான். ஜூரியின் உறுதி முடிவு. அதற்குப் பிறகு யோசனை நின்றுவிடும். அடாம்ஸ்பெர்க்குக்குத் தோன்றுவது முடிவாக வருவதே இல்லை, அரிப்பாக வருகிறது. யாரையும் கைது செய்ய அது போதாது. நடக்க வைக்க மட்டும் போதும். கூடவே தாங்லார் நிற்கிறார், இல்லை என்று சொல்வதற்காக. சிலந்தி நாவலில் தாங்லாரின் எதிர்ப்பு வெறும் தர்க்கம் அல்ல, அதற்குள் அவருடைய சொந்தப் பயம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று தெரியவரும்போது, தர்க்கத்துக்கும் மடியில் கனம் உண்டு என்பதையும் வர்காஸ் காட்டிவிடுகிறார்.

ஆனால் நாவலை எழுதியவர் நிஜத்தில் என்ன செய்தார்? இதைச் சொல்லாமல் வர்காஸைப் பற்றிப் பேசுவது நேர்மையல்ல. செஸாரே பாட்டிஸ்தி இத்தாலிய இடதுசாரி ஆயுதக்குழு ஒன்றைச் சேர்ந்தவர். 1970களின் இறுதியில் நடந்த நான்கு கொலைகளுக்காக, அவர் நேரில் இல்லாமலே விசாரித்து ஆயுள்தண்டனை விதித்திருந்தார்கள். பிரான்சில் அடைக்கலம் பெற்றுத் துப்பறியும் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தார். 2004இல் அவரை இத்தாலியிடம் ஒப்படைக்கும் முயற்சி தொடங்கியபோது வர்காஸ் அவர் பக்கம் நின்றார், அதே ஆண்டில் ‘செஸாரே பாட்டிஸ்தி பற்றிய உண்மை’ என்ற நூலை வெளியிட்டார். பாட்டிஸ்தி பிரேசிலுக்கு ஓடினார், 2007இல் அங்கே கைதானார். 2010இன் கடைசி நாளில் அதிபர் லூலா அவரை ஒப்படைக்க மறுக்கும்வரை வர்காஸ் ஓயவில்லை. 2019 ஜனவரியில் பொலிவியாவில் பிடிபட்டு இத்தாலிக்கு அனுப்பப்பட்ட பாட்டிஸ்தி, அதே ஆண்டு மார்ச்சில் நான்கு கொலைகளிலும் தன் பங்கை ஒப்புக்கொண்டார்.

“பார்த்தீர்களா, உள்ளுணர்வு!” என்றார் நண்பர், இதை நான் சொன்னதும். அப்படி இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வர்காஸ் அங்கே அடாம்ஸ்பெர்க்கைப் போல நடந்துகொள்ளவில்லை. ஆய்வாளராக, ஏறக்குறைய ஹோம்ஸாகத்தான் நடந்துகொண்டார். பாட்டிஸ்தி தன் வழக்கறிஞர்களுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட அதிகாரப் பத்திரங்களை வரிவரியாக ஒப்பிட்டார், கையெழுத்துகளை ஆராய்ந்தார், அவை போலி என்று வாதிட்டார், அரசுத்தரப்பு சாட்சியாக மாறிய பழைய கூட்டாளியின் வாக்குமூலத்தில் இருந்த ஓட்டைகளை அடுக்கினார். அந்த வழக்கு விசாரணையில் குறைகள் இருந்தன என்பதை இன்றும் மறுக்க முடியாது. ஆனால் விசாரணை கோணலாக இருந்தது என்பதிலிருந்து, குற்றம் சாட்டப்பட்டவன் கொல்லவில்லை என்பதற்கு எந்தப் படிக்கட்டும் இல்லை. அந்த இடத்தை அவர் தாண்டிக் குதித்தார். நட்பும் அரசியலும் சேர்ந்து அவரிடம் ஓர் உறுதியைப் படியவைத்தன. சான்றுகள் அதற்குச் சேவகம் செய்தன. கொல்லப்பட்டவர்களின் வீட்டார் இத்தாலியில் நாற்பது வருடம் காத்திருந்ததை நினைத்தால், அவருடைய வாசகனாக எனக்கும் கூசுகிறது. அவர் நாவல்களில் தாங்லார் செய்கிற வேலையைச் செய்ய, அந்தப் பதினைந்து வருடத்தில் அவர் அருகில் யாரும் இல்லாமல் போய்விட்டார்கள். இருந்து, அவர் கேட்காமலும் இருந்திருக்கலாம்.

இதற்காக நாவல்களைத் தூக்கிப் போட நான் தயாராக இல்லை. அந்த நாவல்களை வைத்துக்கொண்டுதான் அவர் செய்ததை என்னால் விமர்சிக்க முடிகிறது. நெப்டியூனை எழுதியவருக்கு, தன் மனத்தில் உறுதி என்று நினைப்பது எவ்வளவு சுலபமாகப் பொய்யாகும் என்பது தெரிந்திருந்தது. பாட்டிஸ்தி பற்றிய நூல் வந்ததும் நெப்டியூன் வந்ததும் ஒரே வருடம் என்பதை நண்பரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியானால் நாக்ஸ் சொன்னது சரியா, தப்பா? அதைச் சொல்லுங்கள்” என்றார். நாக்ஸ் சொன்னது உள்ளுணர்வு சரியாகிவிடக்கூடாது என்று. தப்பாகும் உள்ளுணர்வைப் பற்றி அவரிடம் விதி ஏதும் இல்லை என்றேன். அது வக்கீல் பதில் என்று ஒதுக்கிவிட்டார். போகும்போது நெப்டியூனை எடுத்துக்கொண்டு போனார். மூன்று வாரமாகிறது, இன்னும் திருப்பித் தரவில்லை.